அடுக்களை ஜன்னல்ல வச்ச ரெண்டாவது ரவுட்டர்

நீ சிரிச்சாலும் பரவாயில்ல மக்கா, சொல்லியேன். பேய், ஆவி எண்ணு யாராவது வாயத் தொறந்தா எழும்பிப் போற ஆளாக்கும் நான். இது வேற.

குளத்தூர்ல எங்க வீட்டுக்குப் பொறத்த தங்கபாய் மாமி தனியாத்தான் இருந்தாவ. மக ஷைனி குவைத்துல நர்ஸு. மாமிக்க வீட்டுல ரேஞ்சே கிட்டாது, அதனால எங்க வைஃபை பாஸ்வேர்ட நான்தான் போட்டுக் குடுத்தேன். அந்திக்கு எங்க அடுக்களைக்கு வெளிய, செவுத்தோட ஒட்டி நிண்ணு மகளுக்க மொகத்தப் பாத்துப் பேசும், சத்தமாப் பேசும் பாத்துக்கோ. எனக்கு வீட்டுல இருந்து கம்ப்யூட்டர் வேலை, அந்த நேரத்துலதான் மீட்டிங்கு உண்டு, படம் அப்பிடியே நிண்ணுரும். எரிச்சல்ல ஒரு நாளு பாஸ்வேர்ட மாத்திப் போட்டேன்.

"மக்களே, நெட்டு கிட்டல்லியே" எண்ணு மாமி வந்து கேட்டுது.

"வயரு அறுந்து போச்சு மாமி, ஆளு வரணும்" எண்ணு கூசாம பொய் சொன்னேன்.

"அதுக்கென்ன, சரியாவட்டு" எண்ணுட்டுப் போன ஆளு பின்ன வரல்ல. அந்த வாரமே, காலம்பற துணி அலக்கிட்டு நிண்ண எடத்துல விழுந்து, ஆஸ்பத்திரிக்கு எடுக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அடக்கத்துக்கு ஷைனி வந்தா. அவ அழுதத என்னால பாக்க முடியல்ல. நம்ம கையால எதாவது செய்யணுமே எண்ணு நெய்யாற்றின்கரை போயி ரெண்டாவது ஒரு ரவுட்டர் வாங்கிட்டு வந்தேன். எங்க வீடு வெட்டுக்கல்லு செவுரு, முன்னறையில இருக்கது பொறத்த ஒழுங்கா எட்டாது. அதுல இருந்து வயர இழுத்து, அடுக்களை ஜன்னல் படியில, அவிய வீட்டப் பாத்து வச்சேன். வெள்ளப் பெட்டி, ரெண்டு கொம்பு. மாட்டுதப்ப ஒரு கொம்பு ஒடிஞ்சு போச்சு, செவப்பு டேப்பு சுத்தி ஒட்டினேன்.

அண்ணு அந்திக்கு நெட்டு கிட்டுதா எண்ணு பாக்க ஷைனி வெளிய வந்து நிண்ணா. ஜன்னலப் பாத்துட்டு, "அக்கா, இதத்தானே அம்மை காட்டிச்சு" எண்ணா.

"எப்ப?"

"மரிச்சதுக்கு மொதல் நாளு. வீடியோல விளிச்சுது அக்கா. நீங்க அம்மைக்காக்கும் புதுசு வாங்கி வச்சிருக்கிய, இனி வீட்டுல இருந்தே பேசலாம் எண்ணு ஒரே சந்தோசம்."

மாமிக்க போனுல அண்ணு எங்க நெட்டே கெடையாது, இந்த ரவுட்டரு கடையில இருந்து வரவும் இல்ல. நம்ப மாட்டேன் எண்ணு நெனச்சாளோ என்னவோ, பேசினப்ப எடுத்த படத்தக் காட்டினா. மாமி சிரிக்கி. பொறத்த எங்க பச்சச் செவுரு, ஜன்னல் படியில வெள்ளப் பெட்டி, ஒடிஞ்ச கொம்புல செவப்பு டேப்பு.

"அக்கா இல்லாட்டா அம்மைக்க மொகத்தக் கடைசியா நான் பாத்திருக்கவே மாட்டேன்" எண்ணு எனக்க கையப் பிடிச்சு கண்ணுல ஒத்தினா. அப்பவாவது உள்ளதச் சொல்லியிருக்கணும். இப்பவும் அவ விளிச்சா எனக்கு எடுக்க முடியல்ல.

அந்தப் படத்த எனக்கும் அனுப்பித் தந்தா. ராத்திரி அத பெருசாக்கிப் பாத்தேன். ஜன்னல் கம்பிக்கு உள்ள இருட்டுல ஒரு ஆளு நிக்கி. நானாக்கும். மாமியப் பாத்து வாய் நெறைய சிரிச்சிட்டு நிக்கியேன். அப்பிடி ஒரு நாளும் அவிய மொகத்தப் பாத்து நான் சிரிச்சது கெடையாது, மக்கா.