இலையில் என் கையால் ஒன்று

ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறுவருஷம் ஆனி மாதம், என் புருஷனுக்கு முதல் திதி கொடுக்க வடகரையிலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். ஊரெல்லாம் சீசனுக்கு வந்து குளித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் எள்ளும் தர்ப்பையுமாகப் போய் இறங்கினோம்.

அவர் அசாம் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் வண்டியோடு போய்விட்டார் என்று தந்தி வந்தது. உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. தந்தி வந்த அன்று என் மாமியார் தெருவில் விழுந்து புரண்டு அழுதார். நான் பின்கட்டில் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். காட்டவேண்டிய நேரம் அது, அதனால் காட்டினேன்.

அழாதவள் என்று அதன்பிறகு எனக்குப் பெயராகிவிட்டது. வந்த பெண்கள் என் முகத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரில்லா இருக்கா" என்று என் காது படவே சொன்னார்கள். கல் என்றால் கனமாவது இருக்கும். எனக்குள் அதுகூட இல்லை. கலியாணத்துக்கு அவர் எடுத்து வந்த லீவு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் பாதி நாள் விருந்துக்குப் போனதில் கழிந்தது. எந்த ஆளை நினைத்து நான் அழ வேண்டும் என்று எனக்கே பிடிபடவில்லை.

எங்கள் வீட்டு வழக்கப்படி திதியன்று மரக்கறிச் சாப்பாடு. மறுநாள் கறிப் படையல். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்துக் கும்பிட வேண்டும். அதில் ஒன்றாவது பெண்டாட்டி கையால் சமைத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் இலையில் உட்காரமாட்டார், பசியோடு திரும்பிப் போய்விடுவார் என்பார்கள். மாமியாரான அத்தைக்குக் கவலையில்லை. உளுந்தங்களி, கருவாட்டுக் குழம்பு, அவித்த பனங்கிழங்கு என்று மகனுடைய பிள்ளைப் பருவத்துத் தீனி எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நீ என்னட்டி வைக்கப் போற?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். என் புருஷன் தலையைக் குனிந்தபடி போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போகிறவர். ஒரு நாள் துணிந்து, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். "எதுன்னாலும் சரி" என்றார். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் எதைச் சமைப்பது?

அந்த நேரத்தில்தான் ராயகிரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் அவரோடு ஒரே முகாமில் சமையல் வேலை பார்த்தவர். திதி என்று கேள்விப்பட்டுக் குற்றாலத்துக்கே தேடி வந்துவிட்டார். நாங்கள் தங்கியிருந்த தோப்பில் என் முழியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அவனுக்குப் பிடிச்சது என்னன்னு தெரியலயா தங்கச்சி? எனக்குத் தெரியுமே."

பக்கத்து முகாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளியில் கரி நெருப்புப் போட்டு, கறி அடைத்த குடலைச் சுட்டு, இனிப்பும் புளிப்பும் காரமுமான ஒரு சிவப்புக் குழம்பைத் தடவி, ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்களாம். என் புருஷன் ஒரு தரம் ருசி பார்த்துவிட்டு, ஞாயிறு வந்தால் லாரியை வேண்டுமென்றே அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவாராம். 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று கேட்டு வாங்குவாராம்.

எதுன்னாலும் சரி என்று என்னிடம் சொன்ன மனுஷன். எனக்குச் சுருக்கென்றது. அந்த வருஷத்தில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான்.

அந்தப் பண்டத்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த பெயரை ராயகிரி அண்ணாச்சி என் மாமனாரிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஹாட் டாக் என்று எனக்கே வெகு காலம் கழித்துத்தான் தெரியும். நாய் என்ற பேச்சு வந்திருந்தால் அன்றைக்கு அடுப்பே எரிந்திருக்காது.

அது என்ன கறி என்று மட்டும் மாமனார் கேட்டார். "இங்கன நம்ம கெடாக்கறிதான் மாமா" என்றார் அவர். அங்கே என்ன கறி என்று யாரும் கேட்கவில்லை.

தென்காசிச் சந்தையிலிருந்து கறியும் ஆட்டுக்குடலும் ஒரு கூடை ரொட்டியும் வந்தன. அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடலைக் கழுவித் தந்தார். கறியை நைசாகக் கொத்தி, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து, குடலுக்குள் திணித்து, விரல் நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். தக்காளி, கருப்பட்டி, புளிப்புக்குக் காடி, வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் கூழாகக் காய்ச்சினேன். அண்ணாச்சி வாயால் சொன்னதோடு சரி. படையலுக்கு உரியது என்பதால் சட்டியைத் தொடவில்லை.

சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, அதன்மேல் பழைய சன்னல் கம்பியைப் போட்டோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி நெருப்புக்குக் குடை பிடித்தார். ரொட்டிக் கூடைக்கு மாமனார் கம்போடு காவல் நின்றார், அப்படியும் ஒரு குரங்கு வந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு போனவர்கள் வாசனைக்கு நின்று எட்டிப் பார்த்தார்கள். எங்களையும் சீசனுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே, "என்ன விசேஷம்?" என்றுகூடக் கேட்டாள். நானும் சிரித்த மாதிரிதான் இருந்தேன். வாழை மட்டையின் நுனியை நசுக்கி, அதால் சிவப்புக் குழம்பைத் தொட்டுத் தொட்டுத் தடவினேன். கருப்பட்டி நெருப்பில் சொட்டிப் புகைந்தது. கண் எரிந்தது. பின்னால் நின்ற பெரியம்மா ஒருத்தி, "அழுதுட்டா, அழுதுட்டா" என்று நிம்மதியாகச் சொன்னாள். புகை என்று நான் சொல்லவில்லை, சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இலை போட்டு, அவர் சட்டையை மடித்து வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டோம். களிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் என்னுடைய ரொட்டி உட்கார்ந்திருந்தது. கும்பிட்டு முடித்ததும் இலையில் இருந்ததை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள்.

என் பங்கைக் கடித்தேன். அந்த மனுஷன் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்த் தின்ற ருசி இதுதான் என்று மெதுவாக மென்றேன். கறியில் இனிப்பு. மிளகாயோடு கருப்பட்டி. வாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இதையா இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்? கோபம் கோபமாக வந்தது. புருஷன் வாய் ருசியைப் பெண்டாட்டி பழிக்கிற சாதாரணக் கோபம். இதை வீட்டில் செய்யச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சண்டை பிடித்திருப்பேன்.

"எனக்கு இது பிடிக்கல அத்தே. கறியில யாராவது கருப்பட்டி போடுவாங்களா? இவுகளுக்கு நாக்குதானா அது?" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அத்தை சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை வேலையில் இருக்க, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அத எங்கிட்ட ஏன் சொல்லுத? அவன் வரட்டும், அவன்கிட்டயே கேளு."

அகப்பை அப்படியே நின்றது. ஒரு வருஷமாக மாரில் அடித்து அழுதவர் அப்போது அழவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

தந்தி வந்தபோது எனக்குத் தெரியவில்லை. தாலி கழற்றியபோதும் தெரியவில்லை. அவரிடம் சொல்ல எனக்கென்று ஒரு பேச்சு கிடைத்தபிறகுதான், அதைக் கேட்க ஆள் இல்லை என்பது தெரிந்தது.

அத்தை கீழே குனிந்து, மிச்சம் இருந்ததில் இன்னொன்றை எடுத்து என் இலையில் வைத்தார். பிடிக்காமலே அதையும் தின்றேன்.