கமருன்னிஸா மேட்சிங் சென்டர்

மேட்சிங் ரவிக்கைத் துணி கேட்டு வருகிறவர்களின் சேலையைக் கையில் வாங்கியதும் கமருன்னிஸா கடையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விடுவார். குத்தாலம் கடைத்தெருவில் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அவர் நடுரோட்டில், வெயிலில், சேலைத் தலைப்பின் மேல் ரவிக்கைத் துணியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "இருங்க தம்பி, டியூப்லைட்டு பொய் சொல்லும். வெயிலு சொல்லாது" என்பார் டிரைவரிடம். மாலை ஆறு மணிக்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் மேட்சிங் கிடையாது. ஊக்கு, லைனிங் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.

கடையின் மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணிகள், குடும்பம் குடும்பமாக. "இது பச்சை வீட்டுப் பொண்ணு. ஆனா மஞ்சள் வீட்டுல வாக்கப்பட்டிருக்கு" என்று ஒன்றை எடுத்துப் போடுவார். பார்த்தால் நாற்றங்கால் நிறம். அதே பச்சை நீல வீட்டுக்குப் போனால் மயில் கழுத்து. எந்தக் கலரிடமும் அவருக்கு மூன்று கேள்விகள்: எந்த வீடு, எவ்வளவு இருட்டு, எவ்வளவு கொழுப்பு. வெள்ளை கலந்தால் "பால் ஊத்துனது." கறுப்பு கலந்தால் "மை போட்டது." பளபளப்பு அடங்கிச் சாம்பல் தட்டினால் "கொழுப்பு எறங்குனது." கல்யாணச் சேலைக்குக் கொழுப்பு வேண்டும், ஆபீசுக்கு ஆகாது.

அரக்குச் சேலைக்குப் பச்சை ரவிக்கை எப்படி எடுப்பாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டும் சம்பந்திங்க. எதிரெதிரா உக்காந்தா ரெண்டு பேருக்கும் மரியாதை. ஒண்ணா கலந்துச்சின்னா சேறு."

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

முப்பது வருடத்தில் வெட்டிக் கொடுத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். போன தை மாதம் வந்தது. வேம்பு டீச்சர், மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டவிருந்த சேலையையும் தைத்த ரவிக்கையையும் கொண்டுவந்து வைத்தார்.

"பாயம்மா, நீங்களே சொல்லுங்க. இது மேட்சா?"

கமருன்னிஸா இரண்டையும் வெயிலுக்குக் கொண்டுபோனார். "ஒரு தாய் புள்ளைங்க மாதிரி இருக்கே டீச்சர்!"

மருமகள் நஜ்மா மெதுவாகச் சொன்னாள்: "மாமி, சேலை ஊதா. ஜாக்கெட் சாம்பல்."

"அப்ப டெய்லர் துணிய மாத்திட்டான்."

பிறகு குற்றம் சோப்பின் மேல் போயிற்று. அதன் பிறகு மில்காரன் மேல். மினிபஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாம்பல்தான் பாயம்மா, வழிய விடுங்க" என்றதும்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அந்த மாதமே இன்னும் மூன்று ரவிக்கைகள் திரும்பின. எல்லாம் நீல வீடு, ஊதா வீடு. நஜ்மா அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். கண்புரை என்றார் டாக்டர். "ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் பழுத்திருக்கும்மா. ரொம்ப நாளா எல்லாத்தையும் மஞ்சள் கண்ணாடி வழியாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க."

ஆபரேஷன் என்றதும் கமருன்னிஸா எழுந்துவிட்டார். "கண்ணுல கத்தி வச்சு, இருக்குற கலரும் போயிட்டா? நான் கடையில உக்காந்து ஊக்கா விப்பேன்?"

நான்கு மாதம் தள்ளிப்போட்டார். அதற்குள் கத்தரிக்கோல் நஜ்மா பக்கம் நகர்ந்தது. நீலச் சேலையோடு வருகிறவர்கள் படியேறும்போதே, "நஜ்மா இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கமருன்னிஸா தஞ்சாவூர் போனார்.

இப்போது வலது கண் முடிந்திருக்கிறது. இடது கண் அடுத்த மாதம். "இந்தக் கண்ணுக்கு வானம் இன்னிக்குத்தான் சாயத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. அந்தக் கண்ணுக்கு டீத்தண்ணி" என்கிறார். கட்டுப் பிரித்த வாரமே சாம்பல் அடுக்கிலிருந்து பதினோரு ஊதாத் துணிகளை வெளியே இழுத்துப் போட்டார். யார் வைத்தது என்று நஜ்மா கேட்கவில்லை. பிழைக்கத் தெரிந்த பெண்.

பத்தாம் நாள், கறுப்புக் கண்ணாடியோடு வேம்பு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். சேலையை வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கொண்டுவந்த ஊதாத் துணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பின் மேல் வைத்தார். எங்கே சேலை முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று டீச்சருக்கே தெரியவில்லை.

"என்ன பாயம்மா, நீங்க போயி இதுக்காக..."

"தப்பு டெய்லருதுதான் டீச்சர்."

சொல்லிக்கொண்டே அந்தச் சாம்பல் ரவிக்கையைக் கேட்டு வாங்கினார். நாலாக மடித்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணால் தெருவைப் பார்த்துவிட்டு, பைக்குள் அடியில் திணித்துக்கொண்டார்.