அம்மா அடித்த பச்சை

வண்டியின் நிறத்தை மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும் என்பது விதி. நான் காருக்கு அடிப்பது பழைய நிறமேதான். மலிவான ஸ்ப்ரே கன் வாங்கித் தின்னரை ஊற்றியதும், அந்த வாடையில், சிறுவயதில் மலையில் நாங்கள் இருந்த மஞ்சக்குட்டை வீட்டு வாசல் கண்முன் வந்துவிட்டது.

எஸ்டேட் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை எங்கள் வாடகை ஜீப்புக்கு அடிக்க, அப்பா மனுப் போட்டுக் காத்திருந்தார். மழை நெருங்கியது. எங்களுக்குச் சோறு போட்ட ஜீப்பைத் துரு தின்றது.

“ஏனுங்க, துருவுக்கும் மனுப் போட்டிருக்கீங்களா?” என்றாள், காப்பித் தோட்டத்தில் மருந்தடிக்கும் அம்மா.

“விதிப்படி தப்பாயிரும்.”

“மழையில விதியா நனையப் போவுது? நம்ம வண்டிதானுங்க.”

மருந்து பம்பைக் கழுவி, மூடுபனி இறங்குமுன், கை எங்கும் நிற்காமல் அடித்தாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை. இன்று என் கார்க் கதவில் நான்கு கோடுகள் வழிகின்றன.

அந்தப் பச்சையோடு ஜீப் பல மழைக்காலம் ஓடியது. அனுமதிக் கடிதம் வந்தது, ஜீப்பைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்ட மறுநாள், ஆடிப் பதினெட்டன்று.