பழைய ரப்பர் வளையம்

சென்ற கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, போத்தனூர் ஒர்க்‌ஷாப்பில் காருக்கு ஆயில் மாற்றக் கொடுத்தேன். மெக்கானிக் மெலிந்தவர், நரைத்த மீசைக்காரர். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதிலிருந்த ரப்பர் வளையத்தை என் கையில் வைத்தார்.

"ஏனுங்க, இதை என்ன பண்றது?"

"வளையம் கழண்டு வந்துருச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். பிறகே புதிய ஃபில்டரை மாட்டினார்.

"ஒருக்கா ஒருத்தரு கார்ல பழைய வளையம் எஞ்சின்லயே ஒட்டியிருந்துச்சுங்க. பாக்காம அதுமேலயே புதுசை மாட்டிப்போட்டேன். ஆயில் பூராம் ஒழுகி, பொள்ளாச்சி ரோட்டுல எஞ்சின் ஜாம் ஆயிருச்சு. உள்ள அவரு சம்சாரம், நெஞ்சு வலிங்க. உசுரோட ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

"அவரு ஒண்ணும் கேக்கலீங்களா?"

"வண்டி பழசுன்னு நெனைச்சுட்டாருங்க. இப்பவும் எங்கிட்டத்தான் வாராரு. சொல்ல வாய் வரலீங்க."

முன்பின் தெரியாத என்னிடம் ஏன் சொன்னார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.