மூன்று எறியும் ஐயாவின் கயிறும்

அண்ணர் எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் பலருக்கு அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கோ அவர் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவரும் ஆவார்.

தெல்லிப்பழைக்கு அருகே புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. என்னைப் பெற்ற சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் இறந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டவர் அண்ணர்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே படிப்பிக்க வந்தார்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். விமானச் சத்தம் கேட்டால் வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்க்க முற்றத்தில் நிற்கும். அதட்டிப் பார்த்துத் தோற்ற அண்ணர், ஒருநாள் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொடுத்து, ஆளுக்கொரு விமானம் மடிக்கச் சொன்னார். எறிந்த தூரத்தை முழம் போட்டு அளந்தோம். ஒவ்வொருவர் முழமும் ஒவ்வொரு நீளம், சண்டைதான் மிஞ்சியது.

மறுநாள் அவர் எங்கள் தகப்பனாரான ஐயாவிடம் கேளாமலே புகையிலைக் கன்று நடும் கயிற்றைக் கொண்டுவந்தார். வரிசை பிசகாதிருக்க மூன்று அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு அது. மூன்று முறை எறி, முடிச்சுகளைக் கூட்டு, மூன்றால் பிரி. வருவது சராசரி என்றார்.

அதே வாரம் நான் கணக்குப் பரீட்சையில் தவறியிருந்தேன். என்னைப் பள்ளியை விட்டு நிறுத்துவதென ஐயா முடிவெடுத்திருந்தார். கயிற்றைத் தேடிக்கொண்டு அவர் பள்ளி முற்றத்துக்குள் வந்தபோது அது மண்ணில் நீண்டு கிடந்தது.

"நீ வாத்தியோ, பட்டம் விடுறவனோ? கயித்தைத் தா. இவளையும் கூட்டிக்கொண்டு போறன்."

"கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா. வந்ததுக்கு ஒருக்கா எறிஞ்சுபோட்டுப் போங்கோ."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எறிந்தார். விமானம் முதல் முடிச்சிலேயே மூக்குக் குத்தி மண்ணில் நின்றது.

"அப்பு புகையிலைக் கண்டு நட்டிட்டார்" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

ஐயாவும் சிரித்துவிட்டார். "கை வழுக்கிப்போச்சு. இன்னொருக்கா தா" என்று கையை நீட்டினார்.

அடுத்தது ஆறு முடிச்சுப் போனது, மூன்றாவது எட்டு. அண்ணர் கரும்பலகையில் கூட்டிப் பிரித்தார்.

"ஐயாவின்ரை சராசரி அஞ்சு முடிச்சு. பதினைஞ்சு அடி."

"எட்டல்லோ எறிஞ்சனான்?"

"ஓம். எட்டும் எறிஞ்சனீங்கள், ஒண்டும் எறிஞ்சனீங்கள். ரெண்டையும் விடேலாது."

ஐயா கயிற்றைக் குனிந்து பார்த்தார். "என்ரை கயிறு. பிழையெண்டும் சொல்லேலாது."

"இவள் ஒருக்காத்தான் எறிஞ்சவள், ஐயா" என்றார் அண்ணர், குரலைத் தாழ்த்தி. "இவளுக்கும் இன்னொருக்கா குடுங்கோ."

ஐயா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். வாசல் படலையடியில் நின்று, "மத்தியானம் சோறு ஆறமுன்னம் வந்திடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தனியே போனார்.

அடுத்த தவணை நான் தேறினேன். பின்னாளில் பத்திரிகையில் வேலை பார்த்தேன். என் எழுத்தில் பிழை கண்டால் அண்ணர் தாளை விமானமாய் மடித்து என் பக்கம் எறிவார்.

கடைசி மாதங்களில் அவரால் நடக்க முடியவில்லை. நாடி பார்த்து முகம் சுருக்கிய மருத்துவரிடம், "இண்டைக்கு ஒருநாளை வைச்சுச் சொல்லாதேங்கோ டொக்டர்" என்றார். அந்த மருத்துவருக்கும், அண்ணரைத் தாங்கி முற்றத்தில் இருத்திய அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஐயாவுக்கும் நன்றி சொல்லவேண்டும். பிள்ளைகள் முன்னே கையை நீட்டி இன்னொருக்காக் கேட்க அவர் வெட்கப்பட்டிருந்தால், அண்ணருக்கு எனக்காக இன்னொருக்காக் கேட்க வழியிருந்திராது.