வரப்புக்குள்ள எறக்கின கல்லு

கடக்கரைப் பக்கம் இரும்புல நங்கூரம் அடிப்பாங்களாம். எங்க வூட்டுக்காரர் பரிசலுக்கு நங்கூரம் என்னோட எந்திரக்கல்லுதான். ராகி திரிக்க எங்கப்பன் குடுத்த சீதனம். மேல்கல்லுக்கு நடுவுல ஓட்டை இருக்குதில்ல, அதுல கத்தாழ நார்க் கயித்தக் கோத்துக்கிட்டார். அன்னையிலருந்து மாவுக்கு நான் அடுத்த வூட்டு வாசல்ல காத்துக் கெடந்தேன்.

மேட்டூர்ல அணை கட்டித் தண்ணி ஏறினப்ப, பென்னாகரத்துப் பக்கம் ஆத்தோரம் இருந்த எங்க கொல்லை நெலம் முழுகிப்போச்சு. ஏர் புடிச்ச கை வலை புடிச்சுது. புத்தி மட்டும் ஏர்லயே நின்னுது. தண்ணியப் பாகம் பிரிச்ச அண்ணன் தம்பிய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்க வூட்டுல இருந்தாங்க, எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனும். மலை முகட்டையும் முழுகாத புளியமரத்தையும் குறி வச்சுப் பாத்து, இது என் கொல்லை, அது உன் கொல்லைன்னு அவங்கவங்க வரப்புக்குள்ளதான் கல்லெறக்கி வலை போடுவாங்க. அந்த நெலத்த சர்க்கார் எடுத்துக்கிட்டு எத்தனையோ நாளாச்சு. அதச் சொன்னா என்னத்தான் மொறைப்பாங்க.

கொழுந்தனோடது மேட்டுக் கொல்லை, எங்களது பள்ளம். எங்க கயிறு நாலு ஆளு நீளம். சித்திரையில அது போதும். ஆடி வெள்ளத்துல பள்ளத்துல ஆறு ஆளு தண்ணி நிக்கும், கல்லு தரையத் தொடாம அந்தரத்துல தொங்கும். கயித்த நீட்டுங்கன்னா, "நார் ஊறட்டும், அடுத்த வாரம் திரிக்கறேன்"னார்.

"அதுவரைக்கும் தம்பி பக்கம் மேட்டுல நில்லுங்க"ன்னேன்.

"அவன் நெலத்துல போயி நான் கல்லெறக்கறதா? ஊரு சிரிக்கும்டி"ன்னு துண்ட ஒதறிக்கிட்டு எழுந்துட்டார்.

மானத்த வுட்டு நானே கொழுந்தன் வூட்டுக்குப் போனேன். "தாராளமா வந்து நிக்கட்டுங்க அண்ணி, நானா வேணாங்கறேன்? ஆனா அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கட்டும்"னான். ஒரு வார்த்த! அதக் கேக்க இவருக்கு வாயில்ல, கேக்காம குடுக்க அவனுக்கு மனசில்ல.

மறுநா மத்தியானம் ஆடிக் காத்து புடிச்சுக்கிச்சு. கரையில நின்னு என் கண்ணால பாத்தேன். கொழுந்தன் பரிசல் மேட்டுல நின்ன எடத்துல நின்னுது. எங்களது சுத்திக்கிட்டே நடுத் தண்ணிக்குப் போச்சு. "கயித்த அறுத்துட்டுத் துடுப்பு போடுங்க"ன்னு கத்தினேன், காத்துல யாருக்குக் கேக்கும்? ஒரு அலை, கவுந்துடுச்சு. கொழுந்தன் தன் கயித்த அறுத்துக்கிட்டுப் போனான், இல்லேன்னு சொல்லமாட்டேன். கவுந்த பரிசல்தான் கெடச்சுது. அவர் மூணாம் நாளு கரை ஒதுங்கினார்.

அடுத்த கோடையில தண்ணி வத்தி, கொல்லைங்க வெளிய வந்துச்சு. கொழுந்தன் ஏரப் பூட்டி, மேட்டுலருந்து பள்ளம் வரைக்கும் ஒரே ஓட்டா ஓட்டிக்கிட்டிருந்தான்.

"எங்க வரப்பு எங்க?"ன்னு கேட்டேன்.

ஏர நிறுத்தாமயே சொன்னான்: "வண்டல் மூடிப்போச்சுங்க அண்ணி. யாருக்குத் தெரியுது?"