பங்குனியில் தைத்த சட்டை

என் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்தது. முப்பத்தாறு வயது வரைக்கும் அது எனக்குத் தெரியாது.

செஞ்சியில் நெல் வாங்கி விற்கும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். பதினெட்டு வயதில் வேலைக்குப் போனேன். வண்டியில் வரும் மூட்டையை முதுகில் வாங்கி, வலது தோளுக்கு ஏற்றி, அடுக்கில் கொண்டுபோய் இறக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. கண்ணாடி பார்ப்பது முகம் மழிக்கும்போது மட்டும். உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் தோள் தெரியாது.

பெண் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. முதல் வீட்டுக்கு ஒரு பளபளப்பான ரெடிமேட் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முழுக்கை. மாசி முடிந்து வெயில் ஏறிவிட்டது. சட்டைக்குள் வேர்வை ஓடியது. வெளியே வர வழியில்லாமல் அக்குளில் வட்டமாக நின்றது. பெண்ணின் மாமன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் அக்காவிடம் கேட்டார்.

"மாப்ள எதுக்கு சாஞ்சிக்கினே நிக்கிறாரு? உடம்புக்கு எதுனாவா?"

"பஸ்ல நின்னுக்கினே வந்தான். கால் வலி" என்றாள் அக்கா.

மறுநாள் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது வீட்டுக்கு, என்னோடு வேலை செய்கிறவன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கட்டம் போட்ட சட்டை. பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டத்தைத்தான் பார்த்தாள். குறுக்கே போகும் கோடெல்லாம் வலது பக்கம் சரிந்து போவதை அவள் பார்க்கும்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை.

"உன்ன நிக்க வெச்சி போட்டோ எடுத்தா, போட்டோவ கோணலா மாட்டுன மாதிரி இருக்குது" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் பக்கத்து வல்லத்தில் வந்தது. பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா இல்லை, அம்மா மட்டும். கம்பெனி பஸ்ஸில் போய் சட்டை தைக்கிற வேலை.

"இதுதான்டா. இதுவும் போச்சின்னா நான் இனிமே எவ வூட்டு வாசல்லயும் போயி நிக்கமாட்டேன்" என்றாள் அக்கா.

எனக்கும் இது அமையவேண்டும் என்று இருந்தது. அம்மா போய் நாலு வருஷம். ஒரு ஆளுக்கு அரிசி போட்டு வடிப்பது பழகிவிட்டது. சாப்பிடும்போது பேச ஆள் இல்லாததுதான் பழகவில்லை.

பஜாரில் ஒரு பாய் சட்டை தைக்கிறார். என்னைவிடச் சின்னவர், முப்பது இருக்கும். திங்கட்கிழமை அவர் கடைக்குப் போனேன். நோன்பு மாதம். பெருநாள் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. பாய் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கத்தரிக்கோல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"பெருநாள் முடிஞ்சி வாங்கண்ணே. தலைக்கு மேல வேலை இருக்குது."

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறேன்."

பாய் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு டேப்பை எடுத்தார்.

"நேரா நிக்காதீங்க. சும்மா நில்லுங்க."

"சும்மாதான் நிக்கிறேன்."

"தோள விடுங்க."

"விட்டுட்டேன் பாய்."

"எங்க விட்டீங்க? டேப்பு கிட்ட வந்தா தூக்கிடுறீங்க. போலீசு செலக்ஷனுக்கா வந்தீங்க?"

நான் வேண்டுமென்று செய்யவில்லை. டேப் தோளில் பட்டதும் தோள் தானாக ஏறிக்கொண்டது. மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் வேறு வேறு அளவு வந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"வேலைக்கி போட்டுக்கினு போற சட்டய கொண்டாங்க. தொவைக்காதீங்க."

மறுநாள் வேலை முடிந்து அப்படியே எடுத்துப் போனேன். கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. வேர்வை காய்ந்து உப்பு பூத்து, நெல் தூசி ஒட்டி, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. பாய் மூக்கைச் சுளிக்கவில்லை. மேசையில் இருந்த பெருநாள் துணியை ஒதுக்கிவிட்டு அதை விரித்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். உப்புக் கோட்டைத் தடவினார். தோளில் தேய்ந்த இடத்தில் விரலை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூட்டைய வாங்குன ஒடனே எடது பக்கமா திரும்புவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். அடுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

"எப்டி பாய் தெரியும்?"

"முதுகுல தேய்மானம் குறுக்கால போவுது பாருங்க. வலது தோளு ஒரு இஞ்சுக்கு மேல எறங்குது. கழுத்து கொஞ்சம் முன்னால வருது. எடது கை சும்மா இருக்குது, வலது கை பெருத்துடுச்சி."

நான் வேலை செய்வதை அவர் பார்த்ததில்லை. கமிட்டிப் பக்கம் வந்ததுகூட இல்லை. பதினெட்டு வருஷம் நான் செய்ததை ஒரு அழுக்குச் சட்டையில் பார்த்துச் சொல்லிவிட்டார்.

துணியையும் அவரே எடுத்தார். நான் நீலத்தைக் காட்டினேன்.

"நீலம் வேணாம், சாம்பல் வேணாம். பங்குனி வேர்வைய அப்டியே காட்டிக்குடுக்கும். கட்டம் வேணாம், கோடு வேணாம். ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"பளபளன்னு இருக்கறத தொடவே தொடாதீங்க. இந்த வெயில்ல அது சட்ட இல்ல, குக்கரு."

மோர் நிறத்தில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை உருவினார். வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைத்தார். சுருங்குகிறது முன்னாலேயே சுருங்கிவிடட்டும் என்றார். அரைக்கைதான் வைப்பேன், கையைப் பிடிக்காமல் நாலு விரல் நுழைகிற மாதிரி விடுவேன் என்றார். சட்டைப் பையில் போன் வைக்கக் கூடாது, இழுக்கும் என்றார். குளித்த உடனே போடக் கூடாது, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஈரம் போனபிறகு போடவேண்டும் என்றார். வேட்டிக்கு மெல்லிய கரை போதும் என்றார். இத்தனை வருஷம் சட்டை போட்டிருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். வெள்ளை நூலில் லேசாகக் கோத்து வைத்திருந்தார். என்மேல் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு இன்னா வேலை பாக்குது?"

"கம்பெனில. சட்ட தைக்கிது."

பாய் கை நின்றது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இத மொதல்லயே சொல்றதில்லயாண்ணே?"

"ஏன், அதுக்கு இன்னா?"

"ஊரே வந்து பாத்தாலும் இதுல ஒண்ணும் தெரியாது. அது பாத்தா தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். தையல்ல தப்பு சொல்லக்கூடாது." இரண்டு தோளையும் பிடித்து நூலை உருவிப் பிரித்தார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவருக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போய் அங்கேயே போட்டுக்கொண்டேன். பாய் கடையில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது. அதற்கு முன்னால் நின்றேன்.

கண்ணாடியில் ஒரு ஆள் நேராக நின்றான்.

பட்டன் வரிசை தொண்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் கோணாமல் இறங்கியது. சட்டையின் கீழ் ஓரம் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். தோள் இரண்டும் சமமாகத் தெரிந்தது. நான் தோளைத் தூக்கவில்லை. சும்மாதான் நின்றேன். வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது தினம் பார்க்கிற மலை, பங்குனியில் பொழுது போனபிறகும் சூடு விடாத மலை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நான் வாயைப் பிளந்தேன். என்னைப் பெத்த நைனாவும் மூட்டை தூக்கியவர்தான். அவர் தோளும் இறங்கித்தான் இருந்திருக்கும். நான் கவனித்ததில்லை.

"போதும்ணே, கண்ணாடி தேஞ்சிடும்" என்றார் பாய்.

பஸ் ஸ்டாண்டில் என்னோடு மூட்டை தூக்குகிற இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்.

"இன்னா மாமே, எலெக்ஷன்ல நிக்கிறியா?"

"டேய், கிட்ட போவாத. தூசி பட்டுடும்."

பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

"உக்காருடா" என்றாள் அக்கா.

"கசங்கும்."

"கசங்கும்! ஒரு நாளு ஒனக்கு துணி கசங்கும்னு தெரிஞ்சிதே, சாமி" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அக்காவின் புருஷன் அவர். எதற்கும் சிரிக்காத மனிதர். அன்றைக்குச் சிரித்தார்.

வல்லத்தில் சின்னத் தளம் போட்ட வீடு. நாங்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறதுக்குள் கரண்ட் போய்விட்டது. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. வாசலில் நாற்காலி போடுகிறேன் என்று பெண்ணின் அம்மா எழுந்தாள். எல்லோரும் வெளியே வந்தோம். நான் முன்னால் போனேன். காப்பித் தட்டோடு பெண் எனக்குப் பின்னால் வந்தாள். நான் உட்காரப் போனேன்.

"உக்காராதீங்க. கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன்.

"கொஞ்சம் திரும்புங்க."

"ஏய், இன்னாடி இது? மாட்டுச் சந்தையா?" என்றாள் அவள் அம்மா.

திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள், பக்கத் தையலைப் பார்த்தாள், மறுபடியும் தோளைப் பார்த்தாள். காப்பி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"யாரு தெச்சது?"

"செஞ்சில ஒரு பாய்."

"ரெண்டு பக்கமும் வேற வேற வெட்டு" என்றாள்.

அக்கா முந்திக்கொண்டாள். "இப்ப அப்டித்தாம்மா ஃபேஷனு" என்றாள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஆமாம் ஃபேஷன் என்றால் அதோடு முடிந்தது. மாமா வேறு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் பாய் எனக்காகத் தைத்ததை ஃபேஷன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மூட்ட தூக்குறேன். வலது தோளு எறங்கிடுச்சி. அது தெரியக்கூடாதுன்னு தெச்சது" என்றேன்.

உட்கார்ந்திருந்த அக்கா என் தொடையில் கிள்ளினாள். அந்த இடம் மறுநாள் வரைக்கும் வலித்தது.

"எவ்ளோ எறக்கம்?" என்றாள் பெண்.

"ஒரு இஞ்சு."

"ஒண்ணர இருக்கும்." அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். "கண்டுபுடிச்சிட்டேன். சொல்றீங்களான்னு பாத்தேன்."

பிறகு தன் அம்மா பக்கம் திரும்பிப் பேசினாள். எங்களுக்காகச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

"நாங்க பொழுதன்னிக்கும் தோளுதான்மா தெக்கிறோம். எல்லாம் ஒரே தோளு. யாரு போடுவாங்கன்னு தெரியாது. ஒரு ஆளுக்குன்னு தெச்ச தோள இப்பதான் பாக்குறேன்." என் பக்கம் திரும்பினாள். "இந்த சட்டய ஒரு நாளு குடுங்க. பிரிச்சிப் பாக்கணும்."

அக்காதான் வாயைத் திறந்தாள்.

"மொதல்ல கல்யாணம் பண்ணிக்க. அப்பறம் ஒக்காந்து பிரி."

"சரி" என்றாள்.

எந்தச் சரி என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. அவள் அம்மாதான் முதலில் புரிந்துகொண்டு, தட்டை வாங்கிக்கொண்டு, காப்பியைச் சுடவைக்க உள்ளே ஓடினாள்.

வைகாசியில் கல்யாணம் ஆனது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் பிரித்தாள். பிளேடு நுனியால் நூலை மட்டும் அறுத்து, துணியில் ஒரு இழை போகாமல் எடுத்தாள். பேப்பரைத் தரையில் விரித்து ஒவ்வொரு துண்டாக வைத்தாள். வலது, இடது, முதுகு, கை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து பார்த்தேன். எதுவும் எதற்கும் ஜோடி இல்லை. வலது முன்பக்கம் ஒரு மாதிரி, இடது முன்பக்கம் வேறு மாதிரி. ஒரு கை அகலம், ஒரு கை ஒல்லி. முதுகுத் துண்டின் மேல் விளிம்பு செஞ்சி ரோடு மாதிரி வளைந்து இறங்கியது. நான்தான் அங்கே தரையில் கிடந்தேன். கோணலாக இருந்தேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தாளு எப்டி யோசிச்சாரு?" என்றாள்.

சாயந்திரம் மறுபடி தைத்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. காலர் மட்டும் உட்காரவில்லை. மூன்று தரம் பிரித்தாள், மூன்று தரம் தைத்தாள். கோபம் வந்தது. பாயிடமே கொடுத்துவிடலாமா என்றேன். முறைத்தாள்.

காலர் இன்றைக்கும் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் பங்குனியிலும் அதைத்தான் போட்டேன்.